நலமும் அறிவும்: சாக மறுக்கும் உயிரணு

சென்ற இதழ் வெளிவந்தபின் நம் சங்கக் குடும்பத்துச் சகோதரி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் அவர் கேட்டுள்ள வினாக்கள் மூன்று. “கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்கிறார்கள். அப்படியானால் புற்றுநோய் ஒட்டுவாரொட்டி நோயா? அந்த வைரஸ் பற்றியவர் அனைவருக்கும் புற்று வந்தே தீருமா? முன்னதாகவே அறிந்து தப்ப வழி உண்டா?” தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டுள்ளார். இத்தகைய கேள்வியைக் கேட்பதற்கே நம் இல்லங்களில் எத்துணைத் தயக்கம் இருக்கிறது என்பதை அவ்வேண்டுகோளே காட்டுகிறது.

சுருக்கமான விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது; வைரஸ்தான் ஒட்டும். வைரஸ் பற்றியவருள் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. தப்ப வழி உண்டு. அதற்குக் காலமும் தாராளமாக உண்டு. ஏன் அப்படி என்பதை அறிந்துகொண்டால் அச்சம் குறையும். செய்யவேண்டியது இன்னதென்பதும் விளங்கும். அதை விளக்குவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

சாவும் ஓர் ஒழுங்கே

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவை பிறக்கின்றன, பணி செய்கின்றன, மடிகின்றன. தாயின் வயிற்றில் வளரும் கருவின் கைவிரல்கள் முதலில் வாத்தின் காலைப்போல் இடைத்தோலால் இணைந்திருக்கும். அவ்விடைத்தோலின் உயிரணுக்கள் தாமே மடிவதால்தான் விரல்கள் தனித்தனியே பிரிகின்றன. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் மறைவதும் இவ்வாறே. பழுதுபட்ட உயிரணுவும் உடலின் நலத்திற்காகத் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. இந்த ஒழுங்கான சாவிற்கு 1972ஆம் ஆண்டில் கெர், வைலி, கரி என்னும் மூன்று அறிஞர்கள் ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. எத்துணைப் பொருத்தமான பெயர்! பழுத்த இலை உதிர்வதால் மரம் பட்டுப்போவதில்லை. உதிராமல் நின்றால்தான் ஏதோ கேடு உண்டென்று தோட்டக்காரன் ஐயுறுவான்.

உயிரணுவின் பெருக்கத்தையும் சாவையும் கட்டுப்படுத்தும் புரதங்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே அறிந்துகொண்டால் போதும். ஒன்றின் பெயர் ஆர்.பி.; குழந்தைகளின் கண்ணில் தோன்றும் ஒருவகைப் புற்றை ஆராய்ந்தபோது தெரியவந்தது. மற்றொன்றின் பெயர் பி-53. 1979ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

கைகாட்டி மரங்கள் நின்ற நாட்களை நம் இரயில்வேக் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. கைகாட்டி இறங்காதவரை வண்டி நிலையத்திற்கு வெளியிலேயே காத்து நிற்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் கோளாறு ஏதேனும் கண்டால் பின்பெட்டியிலிருக்கும் கார்டு சிவப்புக் கொடி காட்டி நிறுத்துவார். உயிரணுவிற்குள் ஆர்.பி. புரதம் கைகாட்டியைப் போன்றது. தக்க ஆணையின்றி உயிரணு பிரிந்து பெருகவிடாது. பி-53 புரதம் கார்டைப் போன்றது. பெருக்கத்தில் முறைகேடோ மரபணுவில் பழுதோ கண்டால் உடனே நிறுத்தும். பழுதைச் சீர்செய்ய இயலாதாயின் அந்த உயிரணுவைச் சாகும்படி பணிக்கும். இவ்விருவரும் கடமையில் இருக்கும்வரை புற்று தலைதூக்குவது அரிது.

ஒரு பெயர், இருநூறு வகை

நாம் பேசவந்த வைரஸின் பெயர் மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. என்பர். இது ஒரே வைரஸ் அன்று. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெருங்குடும்பம். கண்டறியப்பட்ட வரிசைப்படி அவற்றிற்கு எண்கள் இடப்பட்டுள்ளன. சில வகைகள் கையிலும் காலிலும் சாதாரண மருவை உண்டாக்கும். 6, 11 என்னும் வகைகள் மறைவிடங்களில் மருவை உண்டாக்கும். அவை தொல்லை தருவனவேயன்றிக் கருப்பை வாயில் புற்றாக மாறுவன அல்ல. புற்றுக்குக் காரணமென உறுதியாகக் கருதப்படுபவை ஏறத்தாழ 12 வகைகளே. அவற்றுள் 16, 18 ஆகிய இரண்டே உலகெங்கும் உண்டாகும் கருப்பை வாய்ப் புற்றில் நூற்றுக்கு எழுபது பங்கிற்குப் பொறுப்பாகும்.

இவ்விரண்டையும் புற்றுக் கட்டிகளில் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன். 1970களில் அறிஞர் பலர் இந்நோய்க்கு ஹெர்ப்பீஸ் என்னும் வேறொரு வைரஸே காரணம் என்று எண்ணியிருந்தனர். சூர் ஹௌசன் அதை ஏற்கவில்லை. மருவை உண்டாக்கும் குடும்பத்திலேயே குற்றவாளி இருக்கவேண்டும் என்று பல்லாண்டுகள் தேடினார். 1983ஆம் ஆண்டில் 16ஆம் வகையையும், 1984இல் 18ஆம் வகையையும் அவருடைய குழுவினர் வெளிப்படுத்தினர். 2008ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. 2023இல் அவர் காலமானார்.

ஒரே குடும்பத்தில் பிறந்த வகைகளுள் ஒன்று மருவோடு நிற்க, மற்றொன்று உயிரைக் குடிப்பது ஏன்? இதற்கு விடை, நாம் மேலே கண்ட கைகாட்டியிடமும் கார்டிடமும் இருக்கிறது.

இரு கருவிகள்

கருப்பை வாயின் மேற்பரப்பு பல அடுக்குகள் கொண்ட மெல்லிய தோலால் ஆனது. அடியடுக்கில் உயிரணுக்கள் பிறக்கும். முதிர முதிர மேலே ஏறும். பெருகும் தொழிலை நிறுத்திக்கொள்ளும். இறுதியில் உலர்ந்து உதிரும். கண்ணுக்குப் புலனாகாத சிறு சிராய்ப்பின் வழியே எச்.பி.வி. அடியடுக்கை அடைகிறது. தன் சந்ததியைப் பெருக்க வைரஸிடம் சொந்தத் தளவாடங்கள் இல்லை. உயிரணுவின் தளவாடங்களையே பயன்படுத்தவேண்டும். ஆனால் மேலேறும் உயிரணுவோ கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆதலின் அதை மீண்டும் திறக்கச் செய்வது வைரஸிற்கு இன்றியமையாததாகிறது.

இதற்கு வைரஸ் கையாளும் கருவி ஈ-7 என்னும் புரதம். இது ஆர்.பி. புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. கைகாட்டி பொய்யாக இறங்குகிறது. உயிரணு பிரியத் தொடங்குகிறது. இம்முறைகேட்டைக் கண்ட பி-53 சும்மா இருக்குமா? உயிரணுவைச் சாகும்படி பணிக்க முனைகிறது. உயிரணு அப்போதே செத்துவிட்டால் வைரஸின் எண்ணம் ஈடேறாது. எனவே ஈ-6 என்னும் இரண்டாம் கருவி செயற்படுகிறது. அது உயிரணுவிற்குச் சொந்தமான மற்றொரு புரதத்தைத் துணையாகக் கொண்டு, பி-53இன்மீது ‘கழிக்கத்தக்கது’ என்று முத்திரை குத்துகிறது. பழைய புரதங்களைச் சிதைத்து அகற்றும் இயந்திரம் ஒன்று ஒவ்வோர் உயிரணுவிலும் உண்டு. முத்திரையைக் கண்ட அவ்வியந்திரம், நல்ல நிலையிலுள்ள பி-53ஐக் குப்பையென எண்ணிச் சிதைத்துவிடுகிறது. 1990ஆம் ஆண்டில் இவ்வுண்மை வெளியாயிற்று. கார்டு வேலையில் சேர்ந்த மறுகணமே வண்டியிலிருந்து இறக்கிவிடப்படுகிறார்!

வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு இங்கேதான். 6, 11 வகைகளிடமும் ஈ-6, ஈ-7 என்னும் கருவிகள் உண்டு. ஆனால் அவற்றின் ஈ-7 ஆர்.பி. புரதத்தைத் தளர்வாகவே பற்றுகிறது. அவற்றின் ஈ-6 பி-53ஐச் சிதைப்பதில்லை. ஆகவே உயிரணுக்கள் சற்றே மிகுதியாகப் பெருகி மருவாகின்றன, அத்துடன் நிற்கின்றன. 16, 18 வகைகளின் கருவிகளோ கூர்மையானவை. மேலும் அவற்றின் ஈ-6, உயிரணுவின் ஆயுட்கணக்கையும் திருத்திவிடுகிறது. ஒவ்வொரு முறை உயிரணு பிரியும்போதும் குரோமோசோம்களின் நுனி சிறிது தேயும்; தேய்ந்து முடிந்தால் பெருக்கம் நிற்கும். தேய்ந்த நுனியை வளர்க்கும் நொதியை ஈ-6 எழுப்பிவிடுவதால் அக்கணக்கும் பொய்த்துவிடுகிறது.

16ஆம் வகைக்கும் 18ஆம் வகைக்கும் இடையேகூட வேறுபாடு உண்டு. பதினாறு பெரும்பாலும் வெளிப்பரப்புத் தோலில் புற்றை உண்டாக்கும். பதினெட்டு, கருப்பை வாயின் உட்பாதையிலுள்ள சுரப்பி உயிரணுக்களையும் நாடும்; அங்கே தோன்றும் புற்றைச் சாதாரணச் சோதனைகளில் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம்.

விபத்தாக விளையும் புற்று

நேயர்கள் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். புற்று உண்டாக்குவது வைரஸின் நோக்கமன்று. அதனால் வைரஸிற்கு ஆதாயமும் இல்லை. உயிரணு இயல்பாக முதிர்ந்து உதிரும்போது அதனுடன் வெளியேறுவதே வைரஸின் வழி. உயிரணுவை அது வெடிக்கச் செய்வதில்லை. வீக்கமோ காய்ச்சலோ உண்டாக்குவதில்லை. அதனால்தான் பற்றியவருக்கும் தெரிவதில்லை. உடலின் காவற்படையும் தாமதமாகவே விழித்துக்கொள்கிறது. எனினும் விழித்துக்கொள்கிறது. பத்தில் ஒன்பது பேரிடம் ஓரிரு ஆண்டுகளுக்குள் வைரஸ் புலப்படாதவாறு அடங்கிவிடுகிறது.

எஞ்சிய சிலரிடம் அது ஆண்டுக்கணக்காகத் தங்குகிறது. தங்குமிடத்தில் பி-53 இல்லாமையால் மரபணுப் பழுதுகள் சீர்செய்யப்படாமல் குவிகின்றன. சாகவேண்டிய உயிரணுக்கள் சாகாமல் பெருகுகின்றன. ஒரு நாள் வைரஸின் மரபுப்பொருள் அறுந்து, மனிதக் குரோமோசோமிற்குள் ஒட்டிக்கொள்கிறது. அவ்வாறு அறும்போது பெரும்பாலும் சிதைவது ஈ-2 என்னும் பகுதி. ஈ-6, ஈ-7 ஆகியவற்றை அளவோடு வைத்திருந்தது அதுவே. அது போனபின் இவ்விரண்டும் கட்டுக்கடங்காமல் உற்பத்தியாகின்றன. இனி அந்த உயிரணுவிலிருந்து வைரஸ் வெளியேறவும் முடியாது; உயிரணு சாகவும் முடியாது.

இவையெல்லாம் ஒரு நாளில் நிகழ்வன அல்ல. வைரஸ் பற்றியதிலிருந்து புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு, சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. உள்ளவர்களைப் போன்றோருக்கு, 5 முதல் 10 ஆண்டுகளே ஆகலாம். புகையிலைப் புகையும் இம்மாற்றத்தை ஊக்குவிக்கும்.

காவலன் மடியவில்லை

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 1951ஆம் ஆண்டில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி சிகிச்சைக்கு வந்தார். ஐந்து குழந்தைகளின் தாய். வயது முப்பதைச் சற்றே கடந்தது. கருப்பை வாய்ப் புற்றால் அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவர் உயிர்நீத்தார். அவருடைய இசைவின்றி எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகின. ‘ஹீலா’ என்று பெயர்பெற்ற அவை இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வாழ்கின்றன. அவற்றிற்குள் இருப்பது 18ஆம் வகை எச்.பி.வி. என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

அந்த ஹீலா உயிரணுக்களில் 1990கள் தொடங்கி ஆய்வாளர் ஒரு சோதனை செய்தனர். இழந்துபோன ஈ-2 புரதத்தை அவற்றினுள் மீண்டும் செலுத்தினர். ஈ-6உம் ஈ-7உம் அடங்கின. உடனே பி-53 மீண்டும் தலைநிமிர்ந்தது, ஆர்.பி. மீண்டும் கடமையேற்றது. பல பத்தாண்டுகள் இடைவிடாது பெருகிய உயிரணுக்கள் நின்றுபோயின, முதுமையுற்றன, சிலவற்றில் சாவும் நிகழ்ந்தது. இதன் பொருள் யாது? புகையிலையால் வரும் புற்றுகள் பலவற்றில் பி-53இன் மரபணுவே பழுதாகிவிடுகிறது. எச்.பி.வி.யால் வரும் புற்றிலோ பெரும்பாலும் அம்மரபணு பழுதடைவதில்லை. காவலன் சாகவில்லை, அவன் வாய்தான் அடைக்கப்பட்டிருக்கிறது. தொண்டைப் பகுதியில் எச்.பி.வி.யால் உண்டாகும் புற்று, புகையிலையால் உண்டாவதைவிடச் சிகிச்சைக்கு நன்கு இணங்குவதற்கு இதுவும் ஒரு காரணமென அறிஞர் கருதுகின்றனர். ஆண்களுக்கும் இவ்வைரஸால் தீங்கு உண்டு என்பதை இதிலிருந்து உணரலாம்.

நாம் செய்யத்தக்கது

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. பதினைந்து ஆண்டுகள் அவகாசம் தரும் நோயினால் இத்தனை பேர் மடிவது ஏன்? அவகாசம் பயன்படுத்தப்படுவதில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர் நூற்றுக்கு இருவர் அளவே.

சோதனையோ எளிது. முதலாவது, வினிகர் எனப்படும் காடியிலுள்ள அமிலத்தை 3 முதல் 5 சதவீத அளவில் கரைத்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. மாறுபட்ட பகுதி வெண்மையாகத் தெரியும். இரண்டாவது, உதிரும் உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் சோதனை. மூன்றாவது, வைரஸையே தேடும் எச்.பி.வி. சோதனை, இதற்குப் பெண்கள் தாமே மாதிரி எடுத்துக் கொடுப்பதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. கூச்சமுள்ள தாய்மாருக்கு இது நற்செய்தி. புற்றாகு முன்னரே மாறுபாடு கண்டால், அவ்விடத்தை மட்டும் குளிரூட்டியோ வெப்பத்தாலோ அகற்றிவிடலாம். கருப்பையை எடுக்கவேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

இவற்றின் பயன் நம் நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் செவிலியர் செய்த அமிலச் சோதனையால் இந்நோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்தது என 2007இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத், அதாவது இன்றைய தாராசிவ் மாவட்டத்தில், வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனை சாவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என 2009இல் அறிவிக்கப்பட்டது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனையினர் நடத்திய நீண்ட ஆய்வில், பத்தாம் வகுப்பு பயின்ற பெண்களே பயிற்சி பெற்று இவ்வமிலச் சோதனையைச் செய்தனர். சாவு நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. பெரும்படிப்போ பெருஞ்செலவோ இல்லாமலே உயிரைக் காக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வைரஸ் பற்றுமுன் தடுப்பதற்குத் தடுப்பூசி உண்டு. 2006 முதல் உலகில் வழங்கிவரும் இவ்வூசியில் வைரஸின் வெற்றுக்கூடு மட்டுமே இருக்கிறது. உள்ளே மரபுப்பொருள் இல்லை. ஆகவே ஊசியால் தொற்று வரும் என்று அஞ்சவேண்டியதில்லை. 9 முதல் 14 வயதுவரை சிறுமியருக்குப் போடுவது சிறந்தது. பழைய தொற்றை அது குணப்படுத்தாது என்பதால்தான் இளவயது வற்புறுத்தப்படுகிறது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி அளிக்கப்பட்ட பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்று நூற்றுக்கு 87 பங்கு குறைந்ததென 2021இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இந்தியாவிலேயே தயாரான ஊசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் அது தடுக்கும். ஊசி போட்டுக்கொண்டவரும் உரிய வயதில் சோதனை செய்துகொள்ளவே வேண்டும்.

சகோதரியின் கடிதத்தில் எழுத்தாக வராத ஒரு வினாவிற்கும் விடை கூறவேண்டும். இவ்வைரஸ் இல்லற உறவின் வழியே பரவுவது. ஆதலால் சோதனையில் வைரஸ் உண்டென்று வந்தால் கணவன்மீதோ மனைவிமீதோ ஐயம் எழக்கூடும். அது வேண்டா. மணவாழ்வில் ஈடுபட்டோருள் பெரும்பாலோரை வாழ்நாளில் எப்போதேனும் ஒருமுறை இது பற்றியே தீரும். பல்லாண்டுகள் அடங்கியிருந்தபின் சோதனையில் தென்படவும் கூடும். எப்போது, எவரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் கூறமுடியாது. இது ஒழுக்கத்தின் அளவுகோல் அன்று.

ஊர்விட்டு வந்து வாழும் நம்மிடையே மற்றொரு வழக்கமும் உண்டு. “அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று தாய்மார் தள்ளிப்போடுவார்கள். இவ்வூர் மருத்துவமனையில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசி அந்தரங்கத்தைச் சொல்ல நாவெழுவதில்லை. ஊருக்குப் போனாலோ கலியாணமும் காதுகுத்துமாக நாட்கள் ஓடிவிடும். இப்படியே பத்து ஆண்டுகள் கழிகின்றன. தொடக்கத்தில் வலியோ வேறு குறியோ இராது. மாதவிலக்கு அல்லாத நாளில் இரத்தப்போக்கு, உறவிற்குப் பின் இரத்தம், மாதவிலக்கு நின்ற பின்னரும் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளை, ஓயாத இடுப்புவலி ஆகியவை கண்டால் விடுமுறைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை நாடவேண்டும். குறி ஒன்றும் இல்லாவிட்டாலும் முப்பது வயது கடந்த பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்துக்கொள்வது நலம்.

மொழித் தடைக்கு நம் சங்கமே மருந்தாகலாம். இவ்வூர் மொழியை நன்கறிந்த சகோதரிகள் சிலர் முன்வந்து, நான்கைந்து பேராகச் சேர்த்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் தனியே செல்லும் கூச்சம் நீங்கும். மாதர் பிரிவினர் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுவார்களாக. ஆண்கள் செய்யவேண்டியதும் உண்டு. அன்றைக்கு ஒருவேளைச் சமையலையும் குழந்தைகளையும் தாம் கவனித்துக்கொண்டு, “போய் வா” என்று மனமுவந்து அனுப்புங்கள். அறுவை முதலிய பெருஞ்சிகிச்சைகளை மருத்துவர் பார்த்துக்கொள்வார். காலத்தில் அனுப்பும் பொறுப்பு வீட்டாருடையது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நம் நன்றி. அடுத்த திங்கள் இரத்தக் கொதிப்பைப் பற்றி அன்பர்கள் சிலர் கேட்டுள்ள ஐயங்களுக்கு விடை காண்போம்.